வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களிடம் நல்லதைப் பார்ப்பது: எல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி ஜங்ஷன், குடியாத்தம் பேருந்து நிலையம், திருத்தணி மலையடிவாரம், அரக்கோணம் நடைமேடை, ஆந்திர எல்லை தாண்டினால் சித்தூர், ரேணிகுண்டா. இந்த வழியில் போய் வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர் சொன்னபடியே கேள்வியைப் போட்டிருக்கிறோம். ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

1. வீடற்றவர்னா யாரு? பிச்சை எடுக்கிறவங்களைத்தானே சொல்றீங்க?

இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் பாதிக் குழப்பம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு வீடற்றவர்களைத் தனியாக எண்ணினார்கள். சாலையோரம், நடைமேடை, கோயில் மண்டபம், பாலத்தடி, மாடிப்படிக்கு அடியில் என்று படுத்திருந்தவர்கள் நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்பதை வைத்து எடுத்த கணக்கு அது. பகலில் என்ன செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பகலில் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவுகிறவர், விடியற்காலை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், பாட்டில், அட்டை பொறுக்கி எடைக்குப் போடுகிறவர் எல்லாம் இதில் இருப்பார்கள். இந்தப் பக்கத்துக்கே உரிய சிலரும் உண்டு. வைத்தியத்துக்காக வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து வேலூர் வந்து, கையிருப்பு தீர்ந்து, ஊருக்குப் போகவும் முடியாமல் நிற்கிறவர்கள். திருப்பதிக் கூட்டத்தில் குடும்பத்தைத் தவறவிட்ட முதியவர்கள். செங்கல் சூளையில் கூலி பாக்கி கிடைக்காமல் வெளியே வந்தவர்கள்.

2. நல்லதைப் பாருங்கன்னா எதைப் பார்க்கறது? எனக்குத் தெரியறது அழுக்குத் துணியும் நாத்தமும்தான்.

இரவு பதினொரு மணிக்கு மேல் நடைமேடையின் கோடியில் படுக்கை போடுகிறவரைத் தள்ளி நின்று கவனியுங்கள். முதலில் உள்ளங்கையால் தரையைத் தொட்டு ஈரம் பார்ப்பார். பிறகு செய்தித்தாள், அதன் மேல் பிரித்து விரித்த அட்டைப்பெட்டி. செருப்பு இரண்டும் தலைமாட்டில் துணிக்கடியில் போகும், வெளியே விட்டால் காலையில் இருக்காது. மூட்டைக் கயிறு மணிக்கட்டில் ஒரு சுற்று. தண்ணீர் பாட்டில் சுவர்ப் பக்கம். பெருக்குகிறவர்கள் வருவதற்குள் எல்லாம் மடிந்து, படுத்த இடம் சுத்தமாக இருக்கும். ஆறடி இடத்தில் நடக்கும் குடித்தனம் அது. நாற்றம் என்பது குளிக்க இடமில்லாததன் நாற்றம். கட்டணக் குளியலறைக்குக் காசும், உள்ளே போகும் நேரத்தில் மூட்டையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

அடுத்து, அவர்களுக்குள் நடப்பதைப் பாருங்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் இன்னொருவர் மூட்டைக்குக் காவல். புதிதாக வந்து நிற்கும் பெண்ணை வயதான பெண்கள் சுவர்ப் பக்கம் படுக்க வைத்துத் தாங்கள் வெளிப்பக்கம் படுப்பார்கள். பொட்டலம் வந்தால் நடக்க முடியாதவருக்கு ஒன்று ஒதுக்கப்படும். கிடைத்த பிஸ்கட்டில் பாதி நாய்க்குப் போகும். அந்த நாய்தான் இரவில் யாராவது பக்கத்தில் வந்தால் குரைத்து எழுப்பும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு இவர்களை ஞானிகளாக்கவும் வேண்டாம். எல்லாத் தெருவிலும் இருக்கிற சண்டையும் பொய்யும் இங்கும் உண்டு. நம் தெருவில் இருப்பவர்களிடம் அதையும் மீறி நல்லதைப் பார்க்கிறோம். அதே கண்ணால் இங்கேயும் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம்.

3. எப்படிப் பேச ஆரம்பிக்கணும்? திடீர்னு போய் நின்னா தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?

தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். இரவெல்லாம் லத்திக்கும் திருட்டுக்கும் பயந்து விழித்திருந்தவர் பகலில்தான் தூங்குவார். விழித்திருக்கும்போது, இரண்டு பேராக, வெளிச்சமான இடத்தில் போங்கள். எதிரே நின்று குனிந்து பேசாமல், கையெட்டாத தூரத்தில் பக்கவாட்டில் உட்காருங்கள். அவர் எழுந்து போக வழி இருக்க வேண்டும், உங்களுக்கும் இருக்க வேண்டும். மூட்டையைத் தொடாதீர்கள், காலால் நகர்த்தாதீர்கள். படுக்கை விரித்திருந்தால் அதன் மேல் செருப்புக் காலை வைக்காதீர்கள், அது அவர் வீடு.

முதலில் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள், பிறகு அவர் பெயரைக் கேளுங்கள். வயதுக்குத் தக்கபடி ஐயா, அம்மா, அண்ணா, அக்கா போதும். வேலூர்ப் பக்கம் வயதான பெண்களை 'ஆயா' என்றால் முகம் மலரும். நரைத்த தலையைப் பார்த்து 'வா, போ' என்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. 'ஏன் இங்க இருக்கீங்க?' என்பது முதல் நாள் கேட்கும் கேள்வி இல்லை. 'டீ குடிக்கலாமா?' என்பதுதான் முதல் நாள் கேள்வி. வாங்கும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாஸ் கேளுங்கள். உங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், அவருக்குப் பேப்பர் கப் என்று கடைக்காரர் நீட்டினால் உங்களுக்கும் பேப்பர் கப்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

4. அவங்க பேசறது தெலுங்கா இந்தியான்னே புரியலையே?

மூன்று வாக்கியம் போதும். தெலுங்கில் 'மீ பேரு ஏமிட்டி?', 'மீதி ஏ ஊரு?', 'தின்னாரா?'. கடைசிக் கேள்வி தமிழ்க் காதுக்கு உறைக்கும், தெலுங்கில் அது சாதாரண மரியாதைதான். இந்தியில் 'ஆப்கா நாம் க்யா ஹை?', வங்காளத்தில் 'ஆப்னார் நாம் கி?'. தப்பாகச் சொன்னால் சிரித்துத் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு மறுபடி சொல்லிப் பாருங்கள், பேச்சு தானே வளரும்.

பேச்சே வராதவரிடம் முன்கையைப் பாருங்கள், பச்சை குத்தியிருக்கலாம். பெயரோ சாமியோ எந்த எழுத்தில் இருக்கிறது என்பதே எல்லைக்கு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். மாவட்டம், வட்டம் மறந்தவர்களுக்கும் 'உங்க ஊர்ல எந்த சாமி? எந்தக் கிழமை சந்தை? பஸ் எந்த ஊர்ல மாறணும்?' என்று கேட்டால் நினைவு வரும்.

5. காசு கொடுக்கலாமா? குடிச்சே தீர்த்துடுவாங்களே.

கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள். வேலூர் போன்ற மாநகராட்சிகளில் அம்மா உணவகம் தொடங்கியபோதே இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்று வைத்தார்கள். ஆந்திர நகரங்களில் அண்ணா கேன்டீனில் ஒரு வேளைச் சாப்பாடு 5 ரூபாய். அந்த விலையில் 20 ரூபாய் என்பது ஒரு நாள் பசி. 500 ரூபாய்த் தாளைத் தராதீர்கள். மாற்ற முடியாது, கடைக்காரர் திருட்டு என்று சந்தேகப்படுவார், இரவில் அதற்காகவே அடி விழும்.

குடிப்பவர்கள் இருக்கிறார்கள். உடல் வலி, கொசு, பயம், இவற்றோடு திறந்த வெளியில் தூங்குவதற்காகக் குடிப்பவர்களே அதிகம். 'இன்னிக்கே விட்டுடு' என்று சத்தியம் வாங்காதீர்கள். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. விட வேண்டும் என்று அவராகச் சொன்னால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

6. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தா வாங்க மாட்டேங்கறாங்க. திமிருதானே?

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிறந்தநாள் பொட்டலம் நான்கு வரும், புதன்கிழமை இரவு ஒன்றும் வராது. ஏற்கெனவே சாப்பிட்டவர் வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். 'இருக்கு, அவருக்குக் கொடுங்க' என்று அடுத்தவரைக் காட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதைத் திமிர் என்று எண்ணி எரிச்சலோடு திரும்பி வருகிறோம். வேறு காரணங்களும் உண்டு: பல் இல்லை, சர்க்கரை வியாதி, சைவம், முன்பு கெட்டுப்போன சோறு சாப்பிட்டு வயிற்றுப்போக்கில் கிடந்தது. கழிப்பறை இல்லாதவருக்கு வயிற்றுப்போக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனவே கொண்டுபோகும் முன் 'என்ன வேணும், எப்ப வேணும்' என்று கேளுங்கள். இந்தப் பக்கத்து வெயிலில் மதியம் கட்டிய சாம்பார் சாதம் இரவு வரை தாங்காது. எலுமிச்சை சாதமும் புளியோதரையும் கொஞ்சம் தாங்கும், இட்லி பல் இல்லாதவர்களுக்கும் ஆகும். திருத்தணி மலைக்கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் உண்டு. ஆனால் படி 365. முழங்கால் போனவருக்குச் சோறு மேலே, பசி கீழே. அடிவாரத்தில் இருப்பவருக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தால் அது சரியான உதவி.

பல நாள் பட்டினி கிடந்தவர் என்று தெரிந்தால் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். திடீரென்று நிறைய சாப்பிடுவது அவர் உடம்புக்கு ஆபத்து. ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லையில் டவர் மாறிப் பிடித்தால் அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும், ஆகவே முதல் வாக்கியத்திலேயே ஊரையும் மாவட்டத்தையும் மாநிலத்தையும் சொல்லுங்கள். வெயிலில் சோர்ந்து, நினைவோடு இருப்பவருக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

7. வேலைக்குக் கூப்பிட்டா வர்றதில்லை. சோம்பேறின்னு சொல்லக் கூடாதா?

நீங்கள் கூப்பிட்டபோது மூட்டையை எங்கே வைப்பது என்று யோசித்திருப்பார். காலில் ஆறாத புண் இருந்திருக்கும். முந்தின இடத்தில் நாலு நாள் வேலை வாங்கிவிட்டு ஒரு நாள் கூலியோடு அனுப்பியிருப்பார்கள். இரவு மூன்று மணி நேரம்தான் தூங்கியிருப்பார். மூட்டைக்குப் பூட்டிய ஓர் அறை, அன்றன்றைக்குக் கையில் கூலி, நடுவில் ஒரு வேளைச் சோறு என்று சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், பதில் மாறும்.

அதோடு, முன்பு என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். சமையல், தறி, தோல் வேலை, கொத்து வேலை, பூக்கட்டுதல் என்று வரும். நாம் கொடுப்பது எப்போதும் கூட்டுகிற வேலை.

8. பெத்த பிள்ளைங்களே விட்டுட்டாங்கன்னா இவங்க மேலயும் தப்பு இருக்கும் இல்ல?

சில வீடுகளில் இருக்கும். ஆனால் மறதி நோய் வந்த தாய் வழி தெரியாமல் நடந்து போனதில் யாருடைய தப்பு? அடி தாங்காமல் வெளியே வந்த பெண், சொத்து எழுதிக் கொடுத்ததும் சோறு நின்றுபோன தகப்பன், தன் வைத்தியச் செலவு பிள்ளைகளைக் கடனாளி ஆக்குகிறதே என்று தானாகவே விலகி வந்தவர், எல்லாரும் ஒரே நடைமேடையில்தான் இருக்கிறார்கள். பிள்ளை பெயரைக் கேட்டால் சொல்ல மறுப்பவர்களில் பலர் அந்தப் பிள்ளைக்கு அவமானம் வரக்கூடாது என்றே மறுக்கிறார்கள். அந்த மௌனத்துக்குள் இருக்கும் பாசத்தைப் பாருங்கள்.

மூத்த குடிமக்களைக் கைவிடுவது 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்: 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567. மனு கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு, நம் முடிவு இல்லை.

9. தனக்குத்தானே பேசிக்கிறவங்களைப் பார்த்தா பயமா இருக்கு. அவங்ககிட்ட என்ன நல்லதைப் பார்க்க முடியும்?

பெரும்பாலும் நம்மைவிட அதிகமாக அவர்கள்தான் பயந்துபோயிருக்கிறார்கள். சத்தம் போட்டால் பின்னால் நகருங்கள், விவாதிக்காதீர்கள், கூட்டம் கூட விடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே டீ என்று ஒரு வாரம் போனால் முகம் பழகும். பாட்டில் மூடிகளை நிறம் நிறமாக அடுக்கி வைப்பவர், யார் செருப்பு திரும்பிக் கிடந்தாலும் நேராக வைப்பவர், இப்படி ஏதாவது ஒன்றில் பழைய மனிதர் வெளியே தெரிவார். 'பைத்தியம்' என்ற சொல்லை அவர் காதுபட ஒருவரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கேட்கிறது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரியும் மனநோயாளியைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவராக வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் கடமை. சிகிச்சை இலவசம், ரேஷன் கார்டு இல்லாவிட்டாலும். மனநல ஆலோசனைக்கு 14416. சிகிச்சை எடுத்தால் ஊர் பெயரும் பிள்ளைகள் பெயரும் திரும்ப நினைவுக்கு வருவது நடக்கிற காரியம்தான். தெருவில் திரிந்தவர்களைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிய பணிக்காகத்தான் மருத்துவர் பரத் வட்வானிக்கு 2018-இல் மகசேசே விருது கிடைத்தது.

10. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டா சொந்தக்காரங்க கிடைச்சிடுவாங்களே?

அவரை அடித்து வீட்டை விட்டு ஓட வைத்தவனும் அதே படத்தைப் பார்ப்பான். கேட்காமல் எடுக்காதீர்கள். பெண்கள், குழந்தைகள் படம் வேண்டவே வேண்டாம், உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்: குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181. மற்றவர்கள் விஷயத்தில் 4-ஆம் கேள்வியில் சொன்ன குறிப்புகளை எழுதி, அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கும் ஊராட்சித் தலைவருக்கும் போன் செய்வதே விரைவில் பலன் தரும். சாப்பாடு கொடுக்கும் கையைப் படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். வாங்குகிறவர் தலை குனிந்துதான் அந்தப் படத்தில் இருப்பார்.

11. அரசாங்கத் தங்குமிடம் இருக்கே, அங்க போனா என்ன?

நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத் திட்டப்படி ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேருக்காவது இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று விதி வைத்தார்கள். இருக்கும் இடத்தில் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். போகத் தயங்குகிறவரிடம் காரணத்தைக் கேளுங்கள்: கணவன் மனைவியைப் பிரித்து வைப்பார்கள், விடியற்காலை மூட்டை இறக்கும் இடத்திலிருந்து தூரம், நாயை விட மாட்டார்கள், கூட இருக்கும் நடக்க முடியாதவரைத் தனியே விட்டுவிட்டுப் போக மனமில்லை. கடைசிக் காரணம் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகக் கேட்கக் கிடைக்கும். முதல் முறை கூடப் போய், இடத்தைக் காட்டி, திரும்பி வரவும் விடுங்கள். இரண்டாம் முறை அவரே போவார்.

12. இவங்களுக்கு ஓட்டு இருக்கா? விலாசமே கிடையாதே.

உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல் தூங்கும் இடத்தை எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். உறுதியானால் முகவரிச் சான்று வேண்டியதில்லை.

13. நம்பிப் போனேன், என் போனையே எடுத்துட்டார். இன்னும் நல்லவங்கன்னு நம்பணுமா?

அந்த ஒருவரை நம்ப வேண்டாம். புகார் கொடுக்க வேண்டுமென்றால் கொடுங்கள். நல்லவர் என்று தேறினால்தான் சோறு, மருந்து, மரியாதை என்று நாம் யாரிடமும் சொல்லவில்லை. நல்லதைப் பார்க்கச் சொல்வது வேறு காரணத்துக்காக: பார்க்காவிட்டால் அவருக்கு என்ன தெரியும், என்ன வேண்டும், யார் துணை என்பது நமக்குத் தெரியாது, நம் உதவி 6-ஆம் கேள்வியில் வரும் பொட்டலம் மாதிரி ஆகிவிடும். நன்றி சொல்லாதவரைப் பற்றியும் இதே பதில்தான். ஒரு நாளில் எத்தனை பேருக்குக் கும்பிடு போடுவார் அவர்?

14. அவங்க எனக்கு ஏதாவது கொடுத்தா வாங்கிக்கலாமா? கூச்சமா இருக்கு.

வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே சொல்லியிருக்கும் மற்ற எந்த ஆலோசனையையும்விட இதையே முக்கியமாக நினைக்கிறோம். வாழைப்பழத்தில் பாதி, பீடி, கட்டி வைத்த பூவில் ஒரு முழம், உட்கார அட்டையில் பாதி இடம் என்று நீட்டுவார்கள். வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருந்த கை ஒரு நாள் கொடுக்க நீளும்போது 'வேணாம், நீங்களே வெச்சுக்குங்க' என்றால், கொடுக்கும் தகுதி உனக்கில்லை என்று சொன்ன மாதிரி ஆகும். பீடி பிடிக்காதென்றால் வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள். பழத்தை உரித்து அங்கேயே சாப்பிடுங்கள்.

கொடுக்க வழியில்லாதவர்களிடம் கேளுங்கள்: எந்தப் பஸ் முதலில் வரும், இந்தச் சட்டைக்குப் பித்தான் தைக்கத் தெரியுமா, ஐந்து நிமிடம் இந்தப் பையைப் பார்த்துக்கொள்ள முடியுமா? பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பலர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீங்கள் வரும் வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

15. பழகின ஒருத்தர் தெருவிலேயே இறந்துட்டா என்ன செய்யறது?

112-ஐக் கூப்பிடுங்கள், ரயில் நிலையம் என்றால் ரயில்வே போலீஸ். 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 60' என்று அவர்கள் எழுதத் தொடங்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பெயர், கூப்பிட்ட பெயர், பேசிய மொழி, ஊர்ச் சாமி, சந்தைக் கிழமை, பச்சை, தழும்பு, இருந்த நோய், கடைசியாகப் பார்த்த நாள், தெரிந்ததெல்லாம் சொல்லுங்கள். 3-ஆம் கேள்வியில் பெயரைக் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூட்டையை யாரும் குப்பையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போலீசார் முன்னிலையில் பிரிக்கச் சொல்லுங்கள். முடிச்சுக்குள் முடிச்சாகக் கட்டிய பிளாஸ்டிக் கவரில் பழைய மருந்துச் சீட்டு இருக்கலாம். அதில் உள்ள மருத்துவமனை எண்ணை வைத்து விலாசத்தைத் தேட முடியும். யாரும் வராமல் அடக்கம் செய்ய முடிவானால் நாளையும் நேரத்தையும் எந்தச் சுடுகாடு என்பதையும் கேட்டு, பக்கத்தில் படுத்திருந்தவர்களிடம் சொல்லுங்கள். வர விரும்புவார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுங்கள், மாலை அவர்களே வாங்கி வரட்டும்.